ஓடாத மிஷினும் தேயும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வரும் போன் பெரும்பாலும் நல்ல செய்தியாக இருப்பதில்லை. ஒன்று, யாராவது ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். இல்லையென்றால் யாராவது லோன் தருவார்கள். அன்றைக்குப் பேசியது என் அக்கா.

"டேய், உடனே கிளம்பி வா. உன் மருமக பாட்டியோட கல்யாணப் புடவையைக் கத்திரிக்கோலால வெட்டப் போறேங்கிறா!"

"இன்னும் வெட்டலை மாமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மருமகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது இருபத்தைந்து. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இரண்டு வருடமாக அவளுக்கு ஒரு பைத்தியம். பழைய காலத்து பாணியில் துணி தைத்துப் போட்டுக்கொள்வது. கறுப்பு வெள்ளைப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். கதைக்காக அல்ல, கைக்காக. ஜாக்கெட் கை எங்கே முடிகிறது, பஃப் எங்கே ஆரம்பிக்கிறது என்று பேப்பரில் வரைந்துகொள்வாள். பிறகு செய்தித்தாளில் வெட்டி அளவு பார்த்து, எங்கள் அம்மாவின் கால் மிதி தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். ஆபீஸில் மற்றவர்களெல்லாம் ஜீன்ஸில் வர, இவள் மட்டும் 1966-ல் வந்த 'அன்பே வா' சரோஜாதேவிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி லிஃப்டில் ஏறுவாள். எனக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் தொந்தரவில்லாத பைத்தியங்கள் இந்த நாட்டில் குறைவு.

இப்போது ஆபீஸில் 'ரெட்ரோ டே' வருகிறதாம். பழைய காலத்து உடையில் வர வேண்டும். பரிசு உண்டு. எங்கள் பாட்டியின் அரக்குப் பட்டில் முழங்கை வரை கை வைத்த ஒரு ஜாக்கெட், அதே கரையில் ஒரு நீளப் பாவாடை. இதுதான் மருமகளின் திட்டம்.

நான் போனபோது கட்டிலில் அந்தப் புடவை கிடந்தது. காஞ்சிபுரத்தில் எடுத்தது. 1949-ல் பாட்டி கல்யாணத்துக்கு. அரக்கு உடல், பச்சைக் கரை, கரையில் ஜரிகையில் தாழம்பூ ரேக்கு. ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் மருமகள். நடுவில் கத்திரிக்கோல்.

"அது பாட்டியோட ஞாபகம்டி" என்றாள் அக்கா.

"ஞாபகம்னா அப்பப்ப எடுத்துப் பார்க்கணும்மா. நீ என்ன, அத்தி வரதர் மாதிரி நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவையா எடுக்கப் போறே?"

அத்தி வரதரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1979-க்குப் பிறகு 2019-ல்தான் குளத்திலிருந்து வெளியே வந்தார். நாற்பத்தெட்டு நாள், தினம் ஒரு பட்டில் தரிசனம். கூட்டத்தில் நசுங்கி நானும் பார்த்தேன். அவர் அத்தி மரம். நாற்பது வருடம் தண்ணீருக்குள் இருந்தாலும் தாங்குவார். பட்டு தாங்குமா?

அக்கா என்னைப் பார்த்தாள். "வாராவாரம் ஊருக்கெல்லாம் நியாயம் எழுதறியே, எங்களுக்கு ஒண்ணு சொல்லு."

* * *

நான் படித்தது பி.காம். எந்தப் பிரச்னையைப் பார்த்தாலும் அதை முதலில் பேரேட்டில் எழுதிப் பார்ப்பது பழக்கதோஷம்.

தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு சொத்தை வாங்கிய விலையிலிருந்து, கடைசியில் அதைக் கழித்துக் கட்டும்போது கிடைக்கும் விலையைக் கழித்து, அது உழைக்கும் வருடங்களால் வகுக்க வேண்டும். அந்தத் தொகையை வருடாவருடம் குறைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் ஏட்டில் மிஞ்சுவது காயலான் கடை விலை மட்டும்தான்.

பாட்டியின் புடவைக்கு அந்தக் கடைசி விலை என்ன? அதைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். "பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச பட்டுப்புடவை வாங்குறது" என்று தெருவில் குரல் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பட்டுக்காக வாங்குவதில்லை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. புடவையை எரித்தால் பட்டு சாம்பலாகிவிடும், வெள்ளி மிஞ்சும். நம் ஊரில் எத்தனையோ கல்யாணங்கள் இப்படிச் சாம்பலாகி, எடை போடப்பட்டு, வேறு யாருக்கோ கொலுசாகிவிட்டன. பழைய வேலைப்பாடுள்ள புடவைகள் இன்று கிடைப்பது அரிது என்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, நம் முன்னால் மூன்று வழிகள். பீரோவில் வைப்பது, எரிப்பது, வெட்டுவது. அக்கா கட்சி முதலாவது. மருமகள் கட்சி மூன்றாவது. இரண்டாவது இரண்டு பேருக்கும் பொது எதிரி.

நான்காவதாக ஒன்று இருக்கிறதே, அப்படியே எடுத்துக் கட்டிக்கொள்வது? 2015-ல் பெங்களூரில் இரண்டு தோழிகள், வருடத்துக்கு நூறு முறையாவது புடவை கட்டுவோம், ஒவ்வொன்றின் கதையையும் சொல்வோம் என்று ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அது பரவி, நாடு முழுக்கப் பெண்கள் பீரோவைத் திறந்து அம்மா புடவை, பாட்டி புடவை என்று எடுத்து ஆபீஸுக்குக் கட்டிப் போனார்கள். அதைப் போல, வெட்டாமல் கட்டிக்கொண்டால் சண்டையே இல்லையே?

"நான் முதல்ல அதைத்தான் கேட்டேன். அம்மா அதுக்கும் விடலை" என்றாள் மருமகள்.

அக்கா எதுவும் சொல்லவில்லை. சரி, புடவை கட்டும் நிலையில் இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடமே கேட்டுவிடலாம் என்று, மறு சனிக்கிழமை நானும் மருமகளும் காஞ்சிபுரம் கிளம்பினோம். அக்காவைக் கூப்பிட்டோம். பாங்கில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டாள். அத்தான் போன இந்த நாலு வருடமாக, வெளியே கிளம்புவது என்றால் அவளுக்கு லீவு கிடைப்பதேயில்லை.

* * *

காஞ்சிபுரத்தில் காந்தி ரோடு வரை எல்லோரும் போயிருப்பீர்கள். வரிசையாகப் பட்டு ஜவுளிக்கடைகள். ஆனால் தறிச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் பிள்ளையார்பாளையம் பக்கம் போக வேண்டும். ஒரு நண்பர் மூலமாக அங்கே ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது. முன்னறையையே அடைத்துக்கொண்டு தறி. ஓரமாய் ஒரு கட்டில், அதன் மேல் பேரப்பிள்ளையின் ஸ்கூல் பை.

புடவையை மடியில் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலாலேயே பார்த்தார். ஒரு மடிப்பை லேசாகப் பிரித்தார். மடிப்பு விழுந்த இடம் முழுக்கக் கோடு போட்ட மாதிரி பட்டு விட்டுப் போயிருந்தது.

"இதைக் கட்ட முடியாதுங்க. இழுத்துக் கட்டினா மடிப்பு மடிப்பாப் போயிரும். எத்தனை வருஷமா இப்படியே மடிச்சு வெச்சிருந்தீங்க?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டி இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி வைப்பாள். அவள் போனது 2004-ல். அதற்குப் பிறகு அந்தப் புடவையை யாருமே தொடவில்லை. ஞாபகமாக வைத்திருந்தோம்.

"ஆனா கரையைப் பாருங்க" என்றார். கரை அப்படியே இருந்தது. உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. "கோர்வை. உடல் கிழிஞ்சாலும் கரை பிரியாது."

கோர்வை என்றால் என்ன என்று தறியிலேயே காட்டினார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினால் நிறம் கலந்துவிடும். அதனால் மூன்று நாடாக்கள். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று. ஒவ்வொரு முறையும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். இதைத் தனி ஆளாகச் செய்வது கஷ்டம். நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ள வேண்டும். இந்த வீட்டில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி.

மருமகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் அந்தக் காலத்துல எவ்வளவு பொறுமையா செஞ்சிருக்காங்க மாமா!"

பெரியவர் சிரித்தார். "பொறுமையா? நான் எட்டு வயசுல அந்த இடத்துல உட்கார்ந்தேன்மா. தூங்கினா தலையில குட்டு விழும்."

அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை. வெயில் அடித்தது என்பது போலச் சொன்னார்.

அந்த இடம் குழந்தைகளின் இடமாகவே வெகுகாலம் இருந்தது. குடும்பத்தின் கடனுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளையை வேறொருவர் தறியில் உட்காரவைத்தார்கள். பாட்டன் காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அறிக்கை வந்தது 2003-ல். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-ல். இரண்டுக்கும் நடுவில் இரண்டே வருடம்.

பிரியதர்ஷன் இயக்கத்தில் 2008-ல் வந்த 'காஞ்சிவரம்' படம் பார்த்திருக்கிறீர்களா? பிரகாஷ்ராஜ் பட்டு நெசவாளி. மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை தருவதாக வாக்குக் கொடுக்கிறார். ஊருக்கெல்லாம் பட்டு நெய்பவருக்குச் சொந்தமாக ஒரு புடவை நெய்ய வழியில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு நூலை வாயில் ஒளித்து எடுத்துவந்து, ரகசியமாக நெய்கிறார். முடிவை நான் சொல்லப்போவதில்லை. பார்த்தவர்களால் மறக்க முடியாது.

பாட்டி கல்யாணப் புடவையின் பச்சைக் கரையை மறுபடி தொட்டுப் பார்த்தேன். 1949-ல் இதன் நாடாவை யார் தள்ளியிருப்பார்கள்? தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

* * *

திரும்பி வரும்போது காரில் மருமகள் வெகுநேரம் பேசவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் கேட்டாள்.

"அப்போ பழைய துணியைப் போடறதே தப்பா மாமா?"

இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன்னால் வைக்கிறேன். அழகான பழைய பொருள். அதை உண்டாக்கிய காலம் அவ்வளவு அழகில்லை. அழகை மட்டும் எடுத்துக்கொண்டு, காலத்தை விட்டுவிட முடியுமா? விடலாமா?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மருமகளைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். 1940-களின் கவுனைத் தாங்களே தைத்து, அதே மாதிரி தலை வாரி, வேலைக்குப் போகிறவர்கள். அவர்களிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அந்தக் கவுன் காலத்தில் கறுப்பர்கள் பஸ்ஸில் எங்கே உட்கார்ந்தார்கள், கல்யாணமான பெண்ணுக்கு வேலை இருந்ததா என்று. அதற்கு அவர்கள் ஒரு கோஷம் வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்டைல் வேண்டும், பழைய மதிப்பீடுகள் வேண்டாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு சுலபமா என்று எனக்குச் சந்தேகம். காரணம், நம் ஊரில் ஸ்டைலே மதிப்பீடாக இருந்திருக்கிறது.

ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மருமகள் பஃப் வைத்து, லேஸ் வைத்துத் தைக்கும் இதே ஜாக்கெட். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று படித்திருப்பீர்கள். 1859-ல் அரசர் இறங்கிவந்து ஆணை போட்டார். எப்படி? மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியில் மட்டும் கூடாது. உரிமையைக் கொடுக்கும்போதுகூட ஸ்டைலைக் கொடுக்க மனம் வரவில்லை.

அதனால்தான் 'ரெட்ரோ டே, எல்லோரும் அந்தக் காலத்துக்குப் போவோம்' என்று அழைக்கும்போது, எல்லோருடைய பாட்டியின் பீரோவிலும் ஒரு பட்டு இருந்தது என்று நாம் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். பல வீடுகளில் பட்டும் இல்லை, பீரோவும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நாம் ஆதிகாலத்துப் பழசு என்று நம்பும் பலதும் அவ்வளவு பழசும் இல்லை. பரதநாட்டியத்துக்கு இன்று போடும் தைத்த உடையை, சோழர் காலத்திலிருந்து வருவது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1930-களில் ருக்மிணி தேவி அருண்டேல் கோயில் சிற்பங்களைப் பார்த்து, ஒரு இத்தாலியத் தையல்காரப் பெண்மணியின் உதவியோடு உருவாக்கியது அதற்கு முன்னோடி. அதற்கு முன் புடவையைத்தான் சுற்றி உடுத்தி ஆடினார்கள். அதே ருக்மிணி தேவிதான் கலாக்ஷேத்ராவில் தறிகளைப் போட்டு, மறைந்துகொண்டிருந்த பழைய கரைகளையும் நிறங்களையும் மறுபடி நெய்ய வைத்தார். ஒரு கையால் பழசைக் காப்பாற்றினார். மறு கையால் புதுசைத் தைத்தார். இரண்டும் இன்று நமக்கு 'பாரம்பரியம்'.

ஆகவே, பழசு என்பது நமக்கு அப்படியே வந்து சேர்வதில்லை. யாரோ ஒருவர் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் வருகிறது. வெட்டாமல் வந்த பழசு என்று ஒன்றுமே கிடையாது.

இதைச் சொன்னபோது மருமகள், "அப்போ வெட்டலாம்னு சொல்றீங்க!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாஃப்ட்வேர் மூளை.

"இரு. வேஷத்துக்கு வெட்டறதா, உடுத்தறதுக்கு வெட்டறதான்னு ஒரு கேள்வி இருக்கு" என்றேன்.

மூன்றாம் வகுப்பில் மாறுவேடப் போட்டியில் நான் பாரதியார். முண்டாசு, கறுப்புக் கோட்டு, கண் மையில் வரைந்த மீசை. சோப்பு டப்பா பரிசு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் நான் பாரதியாராக இருந்த தருணங்களை எண்ண ஒரு கை அதிகம். வேஷத்தின் வசதி அதுதான். சாயங்காலம் கழற்றிவிடலாம். உடுப்பு அப்படியில்லை. வேர்க்கும், துவைக்க வேண்டும், கிழிந்தால் தைக்க வேண்டும். யார் நெய்தது, எங்கே விட்டுப்போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். கோ-ஆப்டெக்ஸில் ஒரு சமயம், நெய்தவரின் பெயரும் படமும் போட்ட அட்டையைப் புடவையோடு வைத்துக் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் சிலர் அந்த அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் வேஷம் போடுபவர்கள் இல்லை, உடுத்துபவர்கள்.

இப்படிப் பிரமாதமாகப் பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். பத்தியைக் கிட்டத்தட்ட முடித்துவிட்ட திருப்தி.

* * *

புடவையை உள்ளே வைக்க அக்காவின் பீரோவைத் திறந்தேன்.

கீழ்த்தட்டில் பாட்டி புடவை இருந்த காலி இடம். அதற்கு மேல்தட்டில் அக்காவின் பட்டுப்புடவைகள். எட்டு இருந்தன. கல்யாணக் கூறைப்புடவை, வளைகாப்புக்கு எடுத்த பச்சை, அத்தான் ஒருமுறை போனஸ் பணத்தில் வாங்கித் தந்த கத்திரிப்பூ நிறம். எல்லாம் வரிசையாக, பெட்டி போட்டபடி. ஒன்றின் மடிப்பும் கலையவில்லை.

"கடைசியா எப்ப பட்டு கட்டினே?" என்று கேட்டேன்.

"என்னமோ... தோணலை."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சேச்சே, இந்தக் காலத்துல யாருடா சொல்லுவாங்க? நாமளே பார்த்து நடந்துக்கணுமில்லையா."

மருமகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டிக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. 1966-ல் தாத்தா இறந்தபோது அவளுக்கு முப்பத்துநாலு வயது. பதினாறாம் நாளோடு நிறங்கள் முடிந்துபோயின. வெள்ளைப் புடவை. அரக்குப் பட்டு பெட்டிக்குள் போனது. வருடத்துக்கு ஒருமுறை எடுப்பாள். நிழலில் விரிப்பாள், மடிப்பை மாற்றுவாள், மறுபடி வைப்பாள். முப்பத்தெட்டு வருடம். நாங்கள் அதைப் பாட்டியின் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் சம்பாதிக்கிறாள், ஸ்கூட்டி ஓட்டுகிறாள், பாங்கில் ஆறு பேர் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் பட்டு, பீரோவுக்குள் போய்விட்டது.

இப்போது நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு தீபாவளியாக அக்காவுக்குப் புடவை எடுத்துத் தருவது நான்தான். சாம்பல், சந்தனம், வெளிர்நீலம், மறுபடி சாம்பல். கடையில் கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் டீசன்ட்டான கலரா காட்டுங்க" என்று கேட்டவனும் நான்தான். கடைக்காரர், "யாருக்கு சார்?" என்றார். சொன்னேன். அவர் புரிந்துகொண்டு, மேலே இருந்த அடுக்கைத் தள்ளிவிட்டுக் கீழே இருந்து எடுத்தார். இரண்டு ஆண்கள், அரை நிமிடத்தில், ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் காரியத்தை முடித்துவிட்டோம். 1966-ல் இதற்கு ஒரு ஊரே கூட வேண்டியிருந்தது.

காரில் அவ்வளவு நேரம் பேசினேனே, பழைய ஸ்டைலை எடுத்துக்கொண்டு பழைய மதிப்பீட்டை விட முடியுமா என்று? நான் செய்துகொண்டிருப்பது அதற்கு நேர் தலைகீழ். ஸ்டைல் புதுசு. டீ-ஷர்ட், செல்போன், ஆன்லைன் பேமென்ட். மதிப்பீடு மட்டும் அசல் 1949. மடிப்புக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

சுற்றிப் பாருங்கள். பழைய பாணியில் உடுத்துகிறவர்களைப் பார்த்து, 'இதெல்லாம் பழமைவாதம்' என்று கவலைப்படுகிறோம். பழைய துணியில் பழைய சட்டம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று பயப்படுகிறோம். பழைய சட்டம் துணியில் வருவதில்லை. அது 'நாமளே பார்த்து நடந்துக்கணும்' என்பதில் வருகிறது. 'டீசன்ட்டான கலர்' என்பதில் வருகிறது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சாதி கேட்கிறோம். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வரதட்சணை பேசுகிறோம். பாட்டியின் புடவையைப் பூட்டி வைத்துவிட்டு, பாட்டியைப் பூட்டியதை மட்டும் அணிந்துகொண்டிருக்கிறோம்.

காலேஜில் தேய்மானம் நடத்திய பேராசிரியர் ஒரு கேள்வி கேட்பார். "வாங்கி வெச்ச மிஷினை ஓட்டவே இல்லை. தேய்மானம் எழுதணுமா, வேண்டாமா?" பாதி வகுப்பு வேண்டாம் என்று கத்தும். அவர் சிரித்துவிட்டு, "ஓடற மிஷின் ஓட்டத்தால தேயும். ஓடாத மிஷின் காலத்தால தேயும்" என்பார். இரண்டு மார்க்குக்காக அதை மனப்பாடம் செய்தேன். பட்டு கிழிந்தது கட்டியதால் அல்ல, மடித்து வைத்ததால் என்று அந்தப் பெரியவர் காட்டியபோதுகூட எனக்கு அது உறைக்கவில்லை. அக்காவின் எட்டுப் புடவைகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

* * *

தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். நான் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை போய்விட்டதால், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அக்காவே கத்திரிக்கோலை எடுத்து மகள் கையில் கொடுத்தாளாம். "மடிப்பு விட்ட இடத்தை ஒதுக்கிட்டு வெட்டு. கரையை மட்டும் குறுக்கே வெட்டிடாதே" என்று ஒரே ஒரு நிபந்தனை.

மருமகள் முதலில் தைத்தது தனக்கு அல்ல. அம்மாவின் பழைய அளவு ஜாக்கெட் ஒன்றை வைத்து, அரக்கில் ஒரு ஜாக்கெட். கை முழங்கை வரை. கை முடியும் இடத்தில் அந்தப் பச்சைக் கரை. உள்ளே மெல்லிய பருத்தித் துணி கொடுத்துத் தைத்திருக்கிறாள், பழைய பட்டு இழுபடாமல் இருக்க. கடையில் கொடுத்திருந்தால் அது தோன்றியிருக்காது. காஞ்சிபுரத்தில் அந்த விரல்களைப் பார்த்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரு வாரம் அந்த ஜாக்கெட் நாற்காலி முதுகில் தொங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா அதைத் தாண்டி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை மருமகளிடமிருந்து எனக்கு ஒரு போட்டோ வந்தது. பின்னாலிருந்து எடுத்தது. அக்கா ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிறப் புடவை. அதற்கு அரக்கு ஜாக்கெட். பண்டிகை இல்லை, விசேஷம் இல்லை, சாதாரண செவ்வாய்க்கிழமை. பாங்குக்குப் போகிறாள்.

ரெட்ரோ டேயில் மருமகளுக்கு மூன்றாம் பரிசு. இப்போதெல்லாம் சோப்பு டப்பா இல்லை, கிஃப்ட் வவுச்சர்.

அடுத்த தீபாவளிக்கு நான் கடைக்குப் போக வேண்டும். அதே கவுண்டர், அதே கடைக்காரர். "யாருக்கு சார்?" என்று கேட்பார். "அக்காவுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த மேல் அடுக்கைக் கை காட்டலாம் என்றிருக்கிறேன். இல்லை, அதைவிட அக்காவையே கூட்டிக்கொண்டு போய்விடுவது உத்தமம். லீவு கிடைக்கும் என்று நினைக்கிறேன்.